சனிக்கிழமைக் கணிப்பு, ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு

2024 அக்டோபர் 5, சனிக்கிழமை. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரில், வான்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் அணி நாட்டின் முதலிட அணியான அலபாமாவை 40–35 என்று வீழ்த்தியது. அசோசியேட்டட் பிரஸ் தரவரிசையில் முதல் ஐந்து இடங்களில் இருந்த அணிகளோடு அதுவரை ஆடிய 60 ஆட்டங்களிலும் வான்டர்பில்ட் தோற்றிருந்தது. அலபாமாவை அது கடைசியாக வென்றது 1984இல். ரசிகர்கள் மைதானத்துக்குள் பாய்ந்து கோல்போஸ்ட்டைப் பிடுங்கினார்கள். தோளில் சுமந்து பிராட்வே தெரு வழியாக ஊர்வலம் போய்க் கம்பர்லாந்து ஆற்றில் அதைத் தள்ளினார்கள். அதே நாளில் நான்காம் இடத்து டென்னசி அர்கன்சாவிடம் 14–19 என்று தோற்றது. ஒன்பதாம் இடத்து மிசூரியை டெக்சஸ் ஏ அண்ட் எம் 41–10 என்று நொறுக்கியது. பத்தாம் இடத்து மிச்சிகன் வாஷிங்டனிடமும், பதினோராம் இடத்து யூஎஸ்சி மினசோட்டாவிடமும் விழுந்தன.

மறுநாள் காலை நாடு முழுக்கப் பல்லாயிரம் பேர் தங்கள் கணிப்புச் சீட்டை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்: பத்திரிகைப் பத்தியாளர்கள், தொலைக்காட்சி வல்லுநர்கள், அலுவலக நண்பர்களோடு போட்டி போடுபவர்கள், கணினி மாதிரி எழுதிப் பழகும் புள்ளியியல் மாணவர்கள். வாரக் கணிப்பை வார முடிவோடு ஒப்பிடும் இந்தப் பழக்கம் பொழுதுபோக்குதான். ஆனாலும் மனித அனுமானம் எங்கே நிற்கிறது, எங்கே சறுக்குகிறது என்று பார்க்க இதைப்போல வசதியான இடம் வேறு கிடைப்பது அரிது. ஒரு பொருளாதார அறிஞரின் கணிப்பு பலித்ததா என்று அறிய ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதற்குள் கேள்வியே மாறிவிடும். இங்கே வெள்ளிக்கிழமை சொன்னதற்கு ஞாயிற்றுக்கிழமைக்குள் விடை வந்துவிடுகிறது. வந்த விடையை வாசிப்பதுதான் கடினம்.

நம் வாசகர்களுக்குச் சில அடிப்படைகளைச் சொல்லிவிட வேண்டும். இது நாம் அறிந்த கால்பந்து இல்லை. நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் எதிரணியின் எல்லைக்குள் கொண்டுசேர்க்கும் ஆட்டம்; அப்படிச் சேர்ப்பதுதான் டச்டவுன். தாக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள். அதற்குள் பத்து கெஜம் முன்னேறினால் புதிதாக நான்கு கிடைக்கும். முன்னேறாவிட்டால் பந்து கைமாறும். கல்லூரி மட்டத்தில் உச்சப் பிரிவில் 130க்கு மேற்பட்ட பல்கலைக்கழக அணிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஆகஸ்ட் இறுதியிலிருந்து நவம்பர் இறுதிவரை 12 ஆட்டங்கள் ஆடும், பெரும்பாலும் சனிக்கிழமைகளில். எல்லோரும் எல்லோரோடும் மோதுவதில்லை. ஆகவே எந்த அணி எவ்வளவு பலமானது என்பதை 12 ஆட்டங்களிலிருந்தே ஊகித்தாக வேண்டும். ஐபிஎல்லில் ஓர் அணிக்கு லீக் சுற்றில் மட்டும் 14 ஆட்டம், அதுவும் பத்தே அணிகளுக்குள். அங்கேயே நாம் எவ்வளவு தடுமாறுகிறோம் என்பதை நினைத்துப் பார்த்தால் இந்தச் சிக்கலின் அளவு பிடிபடும்.

கணிப்பு இந்த விளையாட்டின் பண்பாட்டிலேயே ஊறியது. ஈஎஸ்பிஎன் தொலைக்காட்சியின் 'காலேஜ் கேம்டே' நிகழ்ச்சி 1987இல் தொடங்கியது. அதில் முன்னாள் பயிற்சியாளர் லீ கோர்சோ, அன்றைய பெரிய ஆட்டத்தில் யார் வெல்வார்கள் என்பதை அந்த அணியின் சின்னமான பொம்மைத் தலையை மாட்டிக்கொண்டு அறிவிப்பார். 1996இல் தொடங்கிய அந்தச் சடங்கு, 2025 ஆகஸ்ட் 30 அன்று அவர் ஓய்வுபெற்றபோது 431 கணிப்புகளை எட்டியிருந்தது. அவற்றில் 287 பலித்தன. ஏறத்தாழ மூன்றில் இரண்டு.

இது நல்ல மதிப்பெண்ணா? உடனே பதில் சொல்ல முடியாது. உச்சப் பிரிவின் எல்லா ஆட்டங்களையும் சேர்த்துப் பார்த்தால், பலமானது என்று கருதப்படும் அணி நான்கில் ஏறத்தாழ மூன்று முறை வென்றுவிடுகிறது. கண்ணை மூடிக்கொண்டு பலசாலியையே தேர்ந்தெடுப்பவர்கூட அந்த அளவுக்குப் போய்விடுவார். ஆனால் கோர்சோ எல்லா ஆட்டங்களையும் கணிக்கவில்லை. அவர் முன்னால் வந்தவை பெரும்பாலும் அந்த வாரத்தின் மிகப் பெரிய மோதல்கள், பலம் பலத்தோடு பொருதும் ஆட்டங்கள். அங்கே மூன்றில் இரண்டு என்பது மதிக்கத்தக்கது. சதவீதத்தை மட்டும் வைத்துக்கொண்டு எந்தக் கணிப்பாளரையும் எடைபோட முடியாது. எதோடு ஒப்பிடுகிறோம் என்பது முதலில் தீர வேண்டும்.

இந்தப் பாடத்தை அறிவியல் உலகம் ஃபுட்பாலில் கற்கவில்லை, வானிலையில் கற்றது. 1884இல் அமெரிக்க ராணுவத்தின் சமிக்ஞைப் பிரிவில் வேலை பார்த்த சார்ஜன்ட் ஜான் ஃபின்லி, சூறாவளிச் சுழல்களை முன்னறிவிக்கும் தன் முறை 96.6 சதவீதம் சரியாக இருந்தது என்று வெளியிட்டார். மொத்தம் 2,803 கணிப்புகள். அவற்றில் 2,680 'சுழல் வராது' என்று சொல்லி, வராமலே போனவை. 'வரும்' என்று சொன்ன 100இல் வந்தது 28 மட்டுமே. சொல்லாமல் வந்தவை 23. நிலவியலாளர் ஜி.கே. கில்பர்ட் அதே ஆண்டில் இதைப் பிரித்துப் போட்டார். தினமும் 'வராது' என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் 98.2 சதவீதம் சரியாகியிருக்கும்! ஃபின்லியின் உழைப்பு வீண் என்று இதற்குப் பொருளில்லை. அந்த 28 சரியான எச்சரிக்கைகளில் உண்மையான அறிவு இருந்தது. 96.6 என்ற எண் அந்த அறிவைக் காட்டவில்லை என்பதுதான் சிக்கல். சனிக்கிழமை 50 ஆட்டங்களைக் கணித்து 40 சரி என்று மார்தட்டுபவரின் சீட்டிலும் இதே கோளாறு உண்டு. அதில் 30 ஆட்டங்கள் யார் சொன்னாலும் சரியாகியிருக்கும்.

அடுத்த அடியும் வானிலைத் துறையிலிருந்தே வந்தது. 1950இல் கிளென் பிரையர் என்ற வானிலையாளர், 'மழை வரும்', 'வராது' என்பதற்குப் பதில் '70 சதவீத வாய்ப்பு' என்று சொல்பவரை எப்படி மதிப்பிடுவது என்று ஒரு சிறு கட்டுரை எழுதினார். முறை எளிது. சொன்ன நிகழ்தகவுக்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசத்தை எடுக்க வேண்டும். நடந்தால் 1, நடக்காவிட்டால் 0. வித்தியாசத்தை வர்க்கமாக்கிச் சராசரி காண வேண்டும். குறைந்த மதிப்பெண்ணே நல்லது. எல்லாவற்றுக்கும் 50 சதவீதம் என்று சொல்லிக்கொண்டிருப்பவருக்கு எப்போதும் 0.25 கிடைக்கும். இதன் அழகு, அதீத நம்பிக்கைக்கு அது விதிக்கும் தண்டனையில் இருக்கிறது. 99 சதவீதம் என்று சொல்லித் தவறினால் கிட்டத்தட்ட முழு 1 வந்து விழும்.

அந்த அக்டோபர் 5க்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். ஆறு ஆட்டங்கள்: அலபாமா–வான்டர்பில்ட், டென்னசி–அர்கன்சா, ஒகையோ ஸ்டேட்–அயோவா, ஜார்ஜியா–ஆபர்ன், பென் ஸ்டேட்–யூசிஎல்ஏ, மயாமி–கலிஃபோர்னியா. ஒவ்வொன்றிலும் முதலில் சொன்ன அணியே பலமானது. முதல் இரண்டும் தோற்றன, மற்ற நான்கும் வென்றன. கற்பனையாக இரண்டு கணிப்பாளர்களை வைத்துக்கொள்வோம். இருவரும் ஆறிலும் பலசாலியையே தேர்ந்தெடுத்தார்கள். ஒருவர் எல்லாவற்றுக்கும் 99 சதவீதம் போட்டார். மற்றவர் வரிசையாக 92, 82, 88, 93, 95, 77 என்று யோசித்துப் போட்டார். சரி–தவறு கணக்கில் இருவருக்கும் ஆறுக்கு நான்கு, வேறுபாடே இல்லை. பிரையர் கணக்கில் முதலாமவருக்கு 0.327, இரண்டாமவருக்கு 0.266.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. யோசித்து எண் போட்டவர்கூட அந்த வாரம் 0.25 வாங்கிய, நாணயம் சுண்டுபவரிடம் தோற்றிருக்கிறார்! அடுத்த வாரம் அதே எண்களோடு ஆறும் பலித்தால் அவருக்கு 0.019 வரும். இரண்டு வாரச் சராசரி 0.142. அதிநம்பிக்கைக்காரருக்கு 0.163, நாணயத்துக்கு அதே 0.25. ஒரு வாரத்து மதிப்பெண்ணை வைத்து யாரையும் தூக்கவும் கூடாது, தாழ்த்தவும் கூடாது என்பதற்கு இந்தச் சின்னக் கூட்டலே போதும். நல்ல கணிப்பாளரைச் சுமாரானவரிடமிருந்து பிரித்துக்காட்டுவது, ஒரு பருவத்தில் வரும் மூன்று நான்கு அதிர்ச்சி நாட்கள்தான். மற்ற நாட்களில் எல்லோரும் ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் தெரிவார்கள்.

ஆட்டத்துக்கான எண்ணை எங்கிருந்து எடுப்பது? சூதாட்டச் சந்தை 'பாயிண்ட் ஸ்பிரெட்' என்ற ஒன்றை வெளியிடுகிறது. பலசாலி எத்தனை புள்ளி வித்தியாசத்தில் வெல்லும் என்ற மதிப்பீடு அது. 1991இல் ஹால் ஸ்டெர்ன் என்ற புள்ளியியலாளர், தொழில்முறை லீகான என்எஃப்எல்லின் 1981, 1983, 1984 பருவங்களை எடுத்துக்கொண்டு, உண்மையான வித்தியாசம் ஸ்பிரெட்டிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று அளந்தார். விலகல் இயல்நிலைப் பரவலுக்கு மிக அருகில் இருந்தது, திட்டவிலக்கம் 13.86 புள்ளி. இரண்டு டச்டவுன் அளவு பிசகு சந்தைக்கே வாடிக்கை என்று இதைப் படிக்கலாம். கல்லூரி ஆட்டங்களில் சிதறல் இன்னும் அதிகம். 16 புள்ளி என்று வைத்துக்கொண்டால், 3 புள்ளி முன்னிலைக்கு 57 சதவீத வெற்றி வாய்ப்பு, 7 புள்ளிக்கு 67, 14க்கு 81. அலபாமாவுக்கு வான்டர்பில்ட்டை விட 22 புள்ளிக்கு மேல் கொடுத்திருந்தார்கள். அது ஏறத்தாழ 92 சதவீதம்.

92 சதவீதம் என்பதைக் காதில் கேட்கும்போது 'நிச்சயம்' என்றே மனம் எடுத்துக்கொள்கிறது. அப்படிப்பட்ட பத்து ஆட்டங்கள் ஒரே நாளில் நடந்தால் பத்தும் சொன்னபடி முடியும் வாய்ப்பு 43 சதவீதம்தான். குறைந்தது ஒரு பெரிய அணி கவிழ்வது, எல்லாம் ஒழுங்காக முடிவதைவிட இயல்பானது. எது கவிழும் என்பது தெரியாதே தவிர, ஒன்றாவது கவிழவே வாய்ப்பு அதிகம் என்பது தெரிந்ததுதான். ஞாயிற்றுக்கிழமைப் பத்திகளில் 'யாரும் எதிர்பாராத' என்ற சொற்கள் வரும்போதெல்லாம் எனக்கு இந்த 43 நினைவுக்கு வரும்.

தரவரிசையையும் கணிப்பையும் குழப்பிக்கொள்வது இன்னொரு பொதுப்பிழை. அசோசியேட்டட் பிரஸ் 1936 முதல் வெளியிட்டுவரும் வாக்கெடுப்பு, ஓர் அணி இதுவரை ஈட்டியதற்கான பரிசு. அடுத்த சனிக்கிழமை என்ன ஆகும் என்று அது சொல்வதில்லை. மிசூரி ஒன்பதாம் இடத்திலும் டெக்சஸ் ஏ அண்ட் எம் இருபத்தைந்தாம் இடத்திலும் இருந்தபோதும், சொந்த மைதானத்தில் ஆடிய ஏ அண்ட் எம் பக்கமே சந்தை சற்று சாய்ந்திருந்தது. அந்த முடிவை 'அதிர்ச்சி' என்று குறித்துக்கொண்டவர் தன் கணக்கேட்டிலேயே பிழை புகுத்திவிட்டார். 2007 செப்டம்பர் 1 அன்று ஆன் ஆர்பரில் 1 லட்சத்து 9 ஆயிரம் பேர் முன்னிலையில், கீழ்ப்பிரிவைச் சேர்ந்த ஆப்பலாச்சியன் ஸ்டேட் ஐந்தாம் இடத்து மிச்சிகனை 34–32 என்று வென்றது. அது அசல் அதிர்ச்சி. பந்தை உதைத்துப் புள்ளி எடுக்கும் மிச்சிகனின் கடைசி ஃபீல்டு கோல் முயற்சியைத் தடுத்து வென்றார்கள். சில நாட்களிலேயே அசோசியேட்டட் பிரஸ் தன் விதியை மாற்றி, கீழ்ப்பிரிவு அணிகளுக்கும் வாக்களிக்கலாம் என்றது.

எண்ணைப் பற்றி இவ்வளவு பேசுவதற்குக் காரணம், எழுதிவைக்காத கணிப்பு ஞாயிற்றுக்கிழமை உருமாறிவிடும் என்பதுதான். 1972இல் நிக்சன் பீக்கிங்குக்கும் மாஸ்கோவுக்கும் போவதற்கு முன், பாரூக் ஃபிஷ்ஹாஃப், ரூத் பேத் என்ற இரு உளவியலாளர்கள் மாணவர்களிடம் ஒரு பட்டியல் கொடுத்தார்கள். நிக்சன் மாவோவைச் சந்திப்பாரா என்பது போன்ற நிகழ்வுகளுக்கு எவ்வளவு வாய்ப்பு என்று எண்ணில் எழுதச் சொன்னார்கள். பயணம் முடிந்து காலம் கழிந்தபின், 'நீங்கள் அன்று எழுதிய எண் என்ன?' என்று திரும்பக் கேட்டார்கள். நடந்துவிட்டது என்று அறிந்த நிகழ்வுகளுக்குத் தாங்கள் முதலில் கொடுத்ததைவிட அதிக வாய்ப்பு கொடுத்திருந்ததாக மாணவர்களில் பெரும்பாலோர் 'நினைவுகூர்ந்தார்கள்'. 1975இல் வெளிவந்த அந்த ஆய்வு, பின்னோக்குச் சாய்வு என்று இன்று அறியப்படுவதன் முதல் சான்றுகளில் ஒன்று. அவர்கள் பொய் சொல்லவில்லை. முடிவு தெரிந்தவுடன் நினைவே அதற்கேற்றாற்போல் நகர்ந்துகொண்டது. 'அப்பவே நெனச்சேன், அலபாமா இந்த வாரம் மாட்டும்னு' என்று சொல்பவர் மனமறிந்து ஏமாற்றுவதில்லை. வெள்ளிக்கிழமை மனம் அவரிடம் இப்போது இல்லை. எழுதிய சீட்டு மட்டுமே அதற்குச் சாட்சி.

எண்ணுக்குப் பக்கத்தில் காரணத்தையும் எழுதிவைத்தால்தான் ஞாயிற்றுக்கிழமை வேலை பயனுள்ளதாகும். முடிவு ஒன்றுதான், அதற்குள் நூற்றைம்பதுக்கு மேற்பட்ட தனித்தனி நகர்வுகள் இருக்கின்றன. அவற்றில் சில அடுத்த வாரமும் திரும்பும், சில திரும்பாது. தரையில் விழுந்த பந்து யார் கைக்குப் போகும் என்பது பெரும்பாலும் அதிர்ஷ்டம். நீள்வட்டப் பந்து எங்கே துள்ளும் என்று யாருக்கும் தெரியாது. ஒரு நகர்வுக்குச் சராசரியாக எத்தனை கெஜம் கிடைத்தது என்பது திரும்பக்கூடியது. ஈஎஸ்பிஎன்னில் எழுதும் பில் கானலி தன் எஸ்பி பிளஸ் மதிப்பீட்டை இந்தப் பிரிப்பின் மேல்தான் கட்டினார். நகர்வுக்கு நகர்வு கிடைக்கும் திறனுக்கு அதிக எடை, பந்து கைமாறும் விபத்துக்குக் குறைந்த எடை. ஆட்டம் முடிந்தபின், 'இந்தப் புள்ளிவிவரங்களோடு ஆடிய அணி வழக்கமாக எத்தனை சதவீதம் வெல்லும்?' என்று கணக்கிடும் பழக்கமும் இங்கிருந்து பரவியது. கணிப்பைச் சரிபார்ப்பவருக்கு, புள்ளிப்பலகையைவிட இது நெருக்கமான சாட்சி.

வான்டர்பில்ட் ஆட்டத்தை இப்படிப் பிரித்தால் என்ன கிடைக்கிறது? தொடக்கத்திலேயே அலபாமாவின் பந்து ஒன்று தட்டுப்பட்டு எழும்ப, ரேண்டன் ஃபோன்டனெட் அதைப் பிடித்து 29 கெஜம் ஓடிப் புள்ளியாக்கினார். அந்தப் புள்ளிகள் அதிர்ஷ்டக் கணக்கில் போகும். மீதியை அப்படி ஒதுக்கிவிட முடியாது. வான்டர்பில்ட் 60 நிமிட ஆட்டத்தில் 42 நிமிடம் பந்தைத் தன்னிடமே வைத்திருந்தது. மூன்றாம் முயற்சியில் 18இல் 12 முறை தேவையான தூரத்தை எடுத்தது. நியூ மெக்சிகோ ஸ்டேட்டிலிருந்து மாறி வந்திருந்த, பந்தை எறியும் குவார்ட்டர்பேக் டியேகோ பவியா 20 எறிதலில் 16ஐச் சேர்த்தார். மூன்றாம் முயற்சி வெற்றி விகிதம் ஆட்டத்துக்கு ஆட்டம் ஏறி இறங்கும் என்பது உண்மை. ஆனால் அலபாமாவின் தற்காப்பு முந்தைய வாரமே ஓட்டை காட்டியிருந்தது. செப்டம்பர் 28 அன்று ஜார்ஜியாவுக்கு எதிராக 28–0 என்று முன்னிலை பெற்று, பிறகு அத்தனையும் கரைந்து 33–34 என்று பின்தங்கி, கடைசி நிமிடங்களில் 41–34 என்று தப்பியது. சீட்டில் அது 'சரி' என்று குறிக்கப்பட்டிருக்கும். வான்டர்பில்ட் பக்கத்திலும் தடயம் இருந்தது. செப்டம்பர் 21 அன்று மிசூரியிடம் இரண்டு கூடுதல் நேரம் வரை போய் 27–30 என்று தோற்றிருந்தார்கள். சீட்டில் அதுவும் 'சரி'தான்.

பலித்த கணிப்புகளை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இந்தப் பழக்கத்தில் எனக்குப் பெரிய குறையாகப் படுவது இதுதான். தவறியதற்குக் காரணம் தேடுகிறோம். பலித்ததை நம் திறமைக் கணக்கில் எழுதிவிட்டு அடுத்ததுக்குப் போகிறோம். அதே அக்டோபர் 5 இரவில் மயாமி, கலிஃபோர்னியாவிடம் 10–35 என்று பின்தங்கி, கடைசிக் கட்டத்தில் எழுந்து 39–38 என்று வென்றது. அதற்கு முந்தைய வாரம் வர்ஜினியா டெக்குக்கு எதிராகக் கடைசி எறிதலில் தோற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டு, காணொளிச் சரிபார்ப்புக்குப் பின் 38–34 என்று காப்பாற்றப்பட்டது. இரண்டு வாரமும் மயாமிக்கு நேராக 'சரி'. குவார்ட்டர்பேக் கேம் வார்டின் அபாரத் திறமை ஒரு பலவீனமான தற்காப்பை மூடிவைத்திருந்தது. நவம்பரில் ஜார்ஜியா டெக்கிடம் 23–28, சிராக்யூசிடம் 21–0 முன்னிலையைத் தொலைத்து 38–42. தேசியக் கோப்பைக்கான பிளேஆஃப் சுற்று கைவிட்டுப் போனது. எச்சரிக்கை முழுவதும் அந்த இரண்டு 'சரி'களுக்குள் இருந்தது.

ஸ்பிரெட்டை எதிர்த்துக் கணிப்பவர்களுக்கு நிலைமை இன்னும் கறார். வழக்கமான கட்டணத்தில் 110 டாலர் வைத்தால் 100 வரும். நட்டமில்லாமல் நிற்கவே 52.4 சதவீதம் சரியாக வேண்டும். ஒருவர் 50க்கு 30 எடுத்தால் 60 சதவீதம். கேட்கப் பிரமாதமாக இருக்கிறது. வெறும் நாணயத்தைச் சுண்டும் பத்துப் பேரில் ஒருவர்கூட இந்த அளவை எட்டிவிடுவார். ஒரு பருவத்து வெற்றியை நம்பிப் பணம் கட்டக் கிளம்புகிறவர்கள் இந்தப் 'பத்தில் ஒருவர்' தாங்களாக இருக்கலாம் என்பதை எண்ணிப்பார்ப்பதில்லை. 2018 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம், விளையாட்டுப் பந்தயத்தைத் தடுத்துவந்த 1992ஆம் ஆண்டுச் சட்டத்தை ரத்துசெய்த பிறகு, மாநிலம் மாநிலமாக விளையாட்டுப் பந்தயம் சட்டபூர்வமாகியிருக்கும் நாட்டில் இது விளையாட்டான விஷயமாக இல்லை.

பருவம் தொடங்குமுன் செய்யும் கணிப்புகள் முன்பைவிட இப்போது அதிகம் தடுமாறுகின்றன. 2018இல் வந்த 'டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்' ஏற்பாடும், 2021 முதல் ஓராண்டு காத்திருக்காமலே அணி மாறலாம் என்ற தளர்வும், அதே ஆண்டில் வீரர்கள் தங்கள் பெயரால் பணம் ஈட்டலாம் என்ற அனுமதியும் சேர்ந்து, ஓர் அணியை ஒரே கோடையில் வேறோர் அணியாக்கிவிடுகின்றன. 2023இல் 13–1 என்று முடித்த ஃப்ளோரிடா ஸ்டேட், 2024இல் பத்தாம் இடத்தில் மதிப்பிடப்பட்டு 2–10 என்று சரிந்தது. பிக் டென் அணிக்குழுவின் 18 அணிகளில் 17ஆவதாக நிருபர்கள் வைத்த இண்டியானா வழக்கமான பருவத்தில் 11–1. பிக் 12இல் கடைசி இடம் கொடுக்கப்பட்ட அரிசோனா ஸ்டேட் கோப்பையை வென்றது. செப்டம்பரில் பழைய மதிப்பீட்டைப் பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது என்று இதிலிருந்து தோன்றும். அது பாதி உண்மை. மறுபாதியை நோட்டர் டேம் கற்றுக்கொடுத்தது.

2024 செப்டம்பர் 7 அன்று, ஐந்தாம் இடத்து நோட்டர் டேம் தன் சொந்த மைதானத்தில் நார்தர்ன் இல்லினாயிடம் 14–16 என்று தோற்றது. 28 புள்ளி ஸ்பிரெட். என் 16 புள்ளிக் கணக்கில் 96 சதவீத ஆட்டம். அதிர்ஷ்டம் என்று ஒதுக்கவும் வழியில்லை. வந்த அணி 388 கெஜம் எடுத்தது, சொந்த அணி 286. ஆட்டத்தைப் பிரித்துப் பார்த்த எவரும் அந்த ஞாயிறு நோட்டர் டேமைக் கீழே இறக்கியிருப்பார்கள், நியாயமும் அதுதான். எவ்வளவு இறக்குவது என்பதே கேள்வி. ஒரு வாரத்துக்கு முன்புதான் அதே அணி டெக்சஸ் ஏ அண்ட் எம்மை அதன் மைதானத்திலேயே 23–13 என்று வென்றிருந்தது. அதை மறந்து, புதிய காயத்தை மட்டும் பார்த்து மதிப்பீட்டைக் கிழித்தவர்கள் அடுத்த சனிக்கிழமையே சிக்கினார்கள். பர்டூவை 66–7 என்று துவைத்தது நோட்டர் டேம். நார்தர்ன் இல்லினாய் தன் அடுத்த ஆட்டத்தில் பஃபலோவிடம் கூடுதல் நேரத்தில் 20–23 என்று தோற்றது. அலபாமாவின் கதை எதிர்த்திசையில் போனது. வான்டர்பில்ட் தோல்வியைத் தொடர்ந்து சவுத் கரோலினாவிடம் 27–25 என்று தப்பி, டென்னசியிடம் 17–24 என்றும், நவம்பரில் ஓக்லஹோமாவிடம் 3–24 என்றும் விழுந்து, 9–4 என்று பருவத்தை முடித்தது.

ஒன்றில் தோல்வி தனிச் சம்பவம், மற்றதில் நோய்க்குறி. அந்தந்த ஞாயிற்றுக்கிழமையன்று இரண்டையும் பிரித்தறிய முழுமையான வழி இல்லை. ஆனால் கையிலிருந்த சான்றுகள் சமமாகவும் இல்லை. அலபாமாவுக்கு இரண்டு வாரத் தற்காப்புச் சரிவு பதிவாகியிருந்தது; நோட்டர் டேமுக்கு ஒன்று மோசம், ஒன்று நேர்த்தி. கணினி மதிப்பீடுகள் ஓர் ஆட்டத்துக்குப் பிறகு ஓர் அணியைச் சில புள்ளிகள் மட்டுமே நகர்த்துவதும் இதனால்தான். 28 புள்ளி எதிர்பார்ப்பு தலைகீழானாலும் மதிப்பீடு 28 புள்ளி சரிவதில்லை. ஒரு புதிய சனிக்கிழமை, அதற்கு முந்தைய சனிக்கிழமைகளோடும் சென்ற ஆண்டுகளின் ஆள்சேர்ப்போடும் சேர்த்து எடைபோடப்படுகிறது. பருவம் முன்னேற முன்னேறப் பழையதின் எடை குறையும். கையால் கணக்கு வைப்பவர் பின்பற்றவேண்டியதும் இந்த நிதானத்தையே. ஒவ்வொரு வாரமும் வெள்ளிக்கிழமை எண், காரணம், ஞாயிற்றுக்கிழமை நகர்த்திய அளவு மூன்றையும் ஒரே வரியில் வைத்திருந்தால், நவம்பர் வாக்கில் தன் கை எந்தப் பக்கம் அதிகம் ஆடுகிறது என்பது அவருக்கே தெரிந்துவிடும். 80 சதவீதம் என்று சொன்னவற்றில் எத்தனை பலித்தன என்று அப்போதுதான் ஓரளவு நம்பிக்கையோடு எண்ண முடியும். அதற்கு முன் எண்ணினால் சத்தம்தான் கிடைக்கும்.

அந்தப் பருவத்தின் வழக்கமான ஆட்டங்களின் கடைசி வாரம், நவம்பர் 30 அன்று, ஏறத்தாழ 20 புள்ளி முன்னிலை கொடுக்கப்பட்ட ஒகையோ ஸ்டேட் தன் சொந்த மைதானத்தில் மிச்சிகனிடம் 10–13 என்று தோற்றது. பயிற்சியாளரை நீக்க வேண்டும் என்ற கூச்சல் எழுந்தது. மூன்று வாரம் கழித்து, முதன்முறையாக 12 அணிகளோடு நடந்த பிளேஆஃபில் அதே அணி டென்னசியை 42–17, ஆரிகனை 41–21, டெக்சஸை 28–14 என்று வரிசையாக வென்றது. இன்னொரு பக்கத்தில் நோட்டர் டேம் செப்டம்பர் 7க்குப் பிறகு 13 ஆட்டங்களைத் தொடர்ந்து வென்று வந்துகொண்டிருந்தது. 2025 ஜனவரி 20 அன்று அட்லாண்டாவில் தேசியக் கோப்பைக்கான இறுதியாட்டத்தில் எதிரெதிரே நின்ற இரு அணிகளும் இவைதான். ஒன்று அந்தப் பருவத்தில் 28 புள்ளி முன்னிலையோடு தோற்றது, மற்றது 20 புள்ளி முன்னிலையோடு தோற்றது. ஒகையோ ஸ்டேட் 34–23 என்று வென்றது.